அக்கா சிரித்த இரண்டு விநாடி

ஜூன் 3, செவ்வாய்

காலை 7: கஞ்சி, ஆறு ஸ்பூன். 8: மாத்திரை. 10: மூத்திரம் ஒரு தடவை.

இந்த நோட்டை வாங்கி வந்தது அமலோற்பவம். மார்ச் மாதம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து குளிப்பாட்ட, புரட்டிப் போட, துணி மாற்ற தினமும் வருகிற நர்ஸ். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, எல்லாம் எழுதி வைக்கவேண்டும் என்று உத்தரவு.

"ஏழாவது படிச்சேன்னு சொன்னீங்களே, எழுதுங்க தாத்தா."

"ஏழாவது ஃபெயிலும்மா."

"மூத்திரம்னு எழுத பாஸாகத் தேவையில்ல."

நல்ல வாய். இவளிடம் மட்டும் நான் தோற்கிறேன்.

அக்காவுக்கு வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆனால் எல்லாம் புரிகிறது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் அக்கா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

கஞ்சி ஊட்டும்போது, "மகாராணிக்கு இன்னிக்கு விருந்து. கஞ்சி பிரியாணி, கஞ்சி அல்வா, கடைசியில கஞ்சி பீடா" என்றேன்.

"குடிக்கிறப்ப சிரிக்க வைக்காதீங்க, புரையேறிடும்" என்றாள் அமலோற்பவம்.

"பயப்படாத. அவ சிரிச்சு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

இதற்கும் சேர்த்துச் சிரித்தாள் அமலோற்பவம். அக்கா சிரிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கஞ்சி நாலு ஸ்பூன்தான்.

ஒரு போன் வந்தது. "வானொலி குஞ்சிதம் அம்மா வீடுங்களா?" ஒரு சேனலிலிருந்து மெர்லின் என்ற பெண். பழைய பாடகிகளைத் தேடிப்பிடித்து நிகழ்ச்சி செய்கிறாளாம்.

"அம்மா இருக்காங்களா?"

"பாதி இருக்காங்க. இடது பக்கம்."

"ஐயோ, சாரி ஐயா" என்றாள். பாவம், என்னைப் பற்றித் தெரியாது. திங்கட்கிழமை வருகிறாள். அதற்குள் அக்காவின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். மூத்திரக் கணக்கு நோட்டில் வாழ்க்கை வரலாறு.

ஜூன் 6, வெள்ளி

எழுதுகிறேன்.

அக்காவுக்குப் பதினேழு வயதில் வானொலி நிலையத்திலிருந்து முதல் ஒப்பந்தம் வந்தது. காலை ஏழே காலுக்கு மெல்லிசை, பத்து நிமிஷம். வயசுப்பெண் தனியாகப் போகக்கூடாது, ஆண் துணை வேண்டும் என்றார் அப்பா. வீட்டில் இருந்த ஒரே வெட்டி ஆண் நான். எனக்குப் பதின்மூன்று. புரசைவாக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போவோம். ஒத்திகை நாளெல்லாம் பள்ளிக்கூடம் போச்சு. வாத்தியார் பேரை அடித்துவிட்டார்.

துணைக்கு வந்தவன் ஸ்டூடியோவுக்குள் போகக்கூடாது. வெளியே பெஞ்சு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே ஒலிபரப்பு, மூச்சுக்கூட விடக்கூடாது. ரெக்கார்டு பண்ணுகிற வழக்கமெல்லாம் அப்போது இல்லை. பாடப் பாட ஊருக்குப் போய்விடும். தும்மினாலும் போய்விடும்.

நாலு வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பின்பக்கம் தேய்ந்துதான் தம்புரா கற்றுக்கொண்டேன். தம்புராக்காரனை யாரும் வெளியே உட்காரச் சொல்ல முடியாதே. அக்கா பாட, நான் மீட்ட, இப்படியே இருபத்தோரு வருஷம்.

ரேஷன் கடையில் அக்கா வாயைத் திறந்து "ரெண்டு கிலோ" என்றால் போதும், வரிசையே திரும்பிப் பார்க்கும். "நீங்க குஞ்சிதம்தானே?" என்பார்கள். முகம் யாருக்கும் தெரியாது. டி.வி. வந்தபிறகு முகமும் தெரிந்தது. எங்கள் தெருவில் பல் டாக்டர் வீட்டில் மட்டும்தான் பெட்டி. அக்கா பாடுகிற அன்று பல் வலி இல்லாதவன்கூட அங்கே போய் உட்காருவான்.

ஒன்று எழுத மறந்தேன். எனக்குக் காது ஆடும். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் இரண்டு காதும் தனியாக ஆடும். சின்ன வயதில் அக்கா அழுதால் காதை ஆட்டுவேன், சிரித்துவிடுவாள். ஸ்டூடியோவிலும் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் ஒருதரம் ஆட்டுவேன். "போடா எருமை" என்று சிரித்துவிட்டுத் தொண்டையைச் செருமுவாள். பயம் போய்விடும்.

விளக்கு எரிவதற்கு முன்னால் மட்டும்.

ஜூன் 9, திங்கள்

மெர்லின் வந்தாள். நாற்பது வயது இருக்கும். நல்ல பெண், எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறாள். அக்காவுக்கு நூற்றிரண்டு வயது என்றேன். எழுதினாள். தம்புராவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அரை ஆழாக்கு நல்லெண்ணெய் குடிக்கக் கொடுக்கவேண்டும் என்றேன். அதையும் எழுதினாள். அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டு, "மேடம், இவரு சொல்றதுல பாதியை அடிச்சிடுங்க" என்றாள்.

கடைசியில் கேட்டாள்.

"அவ்ளோ பேரோட இருந்தவங்க நாப்பத்திரண்டு வயசுல திடீர்னு ஏன் நிறுத்திட்டாங்க? ஏதோ டி.வி.ல சிரிச்சுட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு."

"தொண்டை கெட்டுப்போச்சும்மா" என்றேன்.

யார் கேட்டாலும் சொல்கிற பதில்தான். அக்கா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

தொண்டை கெடவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அமலோற்பவம் வந்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

மலம் இல்லை, இரண்டு நாளாக.

எழுதிவிடுகிறேன். அக்கா தூங்குகிறாள்.

ஒரு பெரிய தலைவர் இறந்துபோன சமயம். மூன்று நாள் துக்கம். நிலையத்தில் சோகப் பாட்டைத் தவிர எதுவும் கிடையாது. இரண்டாம் நாள் காலையில் டி.வி.யில் இரங்கல் பாட அக்காவைக் கூப்பிட்டார்கள். நேரடி ஒளிபரப்பு. அதைவிடப் பெரிய மரியாதை ஒரு பாடகிக்குக் கிடையாது.

டி.வி.க்கு என் மூஞ்சி லாயக்கில்லை. அதனால் என்னைக் காமிராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாதபடி, அக்காவுக்கு எதிரே உட்கார வைப்பார்கள். அன்றும் அப்படித்தான். பல்லவி பாடி முடித்தாள். நடுவில் வயலின் வாசித்தார் தணிகாசலம். காமிரா அக்காவின் முகத்துக்குக் கிட்டே போனது. அக்காவுக்குக் கை நடுங்கியது, அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளைத் தேற்றத்தான் ஒரே ஒருதரம் காதை ஆட்டினேன்.

களுக்கென்று சிரித்துவிட்டாள். இரண்டு விநாடி. நான் காமிராவுக்குப் பக்கத்தில் இருந்தேன் அல்லவா, அதனால் ஊரையே பார்த்துச் சிரித்த மாதிரி ஆகிவிட்டது. உடனே சமாளித்துச் சரணத்தைச் சுருதி பிசகாமல் பாடி முடித்தாள். விளக்கு அணைந்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எங்களையே பார்த்தார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. பல் டாக்டர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

மறுவாரம் விசாரணை. அதிகாரி அக்காவைக் கேட்டார். நான் பக்கத்தில் தம்புரா உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வாரம் முன்னால்தான் எனக்கு நிலையத்தில் வேலை நிரந்தரம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம்.

"யாராவது சிரிக்க வெச்சாங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இல்ல சார். எனக்கே சிரிப்பு வந்துச்சு."

"துக்கப் பாட்டுல எப்பிடிம்மா சிரிப்பு வரும்?"

"தெரியல சார்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒப்பந்தம் வரவில்லை. வானொலியிலும் இல்லை, டி.வி.யிலும் இல்லை.

ஜூன் 14, சனி

காமிராவோடு வந்தார்கள். அக்காவுக்கு அமலோற்பவம் மாம்பழக் கலர் சேலை கட்டிவிட்டாள். தலையணை வைத்து நிமிர்த்தினோம். வாய் கோணியிருக்கிற பக்கம் படத்தில் தெரியாமல் எடுக்கச் சொன்னேன். நான் வெள்ளைச் சட்டை. ஜோக் அடித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சுக் கதை, ரேஷன் கடைக் கதை, பல் டாக்டர் கதை.

"ஏன் நிறுத்துனாங்க ஐயா?"

வாயைத் திறந்தேன். காமிராவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தொண்டை கெட்டுப்போச்சும்மா."

நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நல்லபடியாக ஒன்றும் முடியவில்லை.

அக்கா நேற்றிலிருந்து வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். ஸ்பூனைக் கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "மகாராணி கோவமா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை எழுதியதில் ஒன்று பொய். என் நோட்டில் நானே பொய் எழுதிவைத்திருக்கிறேன்.

அன்று அக்காவின் கை நடுங்கவில்லை. அழுகிற மாதிரியும் இல்லை. விளக்கு ஏற்றி வைத்த மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு அழகாக அவள் பாடி நான் கேட்டதில்லை. ஸ்டூடியோவில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். ஊரும் அவளையே பார்த்தது. நான் காமிராவுக்குப் பக்கத்தில் நாலு கம்பியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பதின்மூன்று வயதில் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரியே. இவளை இப்போது என்னைப் பார்க்க வைக்க முடியுமா என்று தோன்றியது.

முடிந்தது.

ஜூன் 16, திங்கள்

கஞ்சி இரண்டு ஸ்பூன். கண்ணை மூடியபடி.

அதன்பிறகு இருபது வருஷம் அதே நிலையத்தில் வேலை பார்த்தேன். அக்காவின் இடத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தம்புரா மீட்டினேன். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவும் சாப்பிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காப்பியைக் கொடுத்துவிட்டுக் கேட்பாள்.

"இன்னிக்கு யாருடா பாடுனா?"

சொல்வேன்.

"சுருதி சேந்துச்சா?"

"சேந்துச்சுக்கா."

அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள்கூட அந்தக் காலையைப் பற்றிப் பேசியதில்லை. அடுப்படியில்கூட ஒரு வரி பாடியதில்லை. வயலின் தணிகாசலத்துக்கும் அவளுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேச்சிருந்தது. "சாவுல சிரிச்சவ நம்ம வீட்டுக்கு வேணாம்" என்றார் அவர் அம்மா. அதற்கும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் தினமும் ஏதாவது கோமாளித்தனம் செய்வேன். என் சம்சாரம் சாகிறவரை சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவைச் சிரிக்க வைக்க முடியவில்லை.

காதை மட்டும் ஆட்டியதில்லை.

அவள் காதால் கேட்கிற மாதிரி, ஒரு ஆள் முன்னால், ஒருதரம் சொல்லிவிடவேண்டும். அவள் இருக்கும்போதே. மெர்லினுக்குப் போன் போட்டேன். "படம் எடுத்து முடிஞ்சிடுச்சே ஐயா" என்றாள். கெஞ்சினேன். நான் கெஞ்சியதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. வியாழக்கிழமை வருகிறாளாம்.

ஜூன் 18, புதன்

காய்ச்சல் 101. நாளைக்கு வரட்டும். நாளை வரைக்கும் இரு அக்கா.

ஜூன் 19, வியாழன்

வந்தாள். காமிரா இல்லை, போனைத்தான் நீட்டிப் பிடித்தாள். அக்காவின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"அக்கா தொண்டை கெடல. துக்கத்துல அவ சிரிச்சது நெசம். சிரிக்க வச்சது நான்."

"எப்படி ஐயா?"

"காதை ஆட்டுனேன்."

"என்னது?"

"காது. ரெண்டும். இப்படி."

ஆட்டிக் காட்டினேன். முப்பத்தெட்டு வருஷமாக ஆட்டாத காது, எண்ணெய் போட்ட மாதிரி ஆடியது.

வாசற்படியில் நின்ற அமலோற்பவம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மெர்லின் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், அடக்க முடியவில்லை, போன் அவள் கையில் ஆடியது.

"ஐயோ, சீரியஸா ஏதோ சொல்லப்போறீங்கன்னு ஓடி வந்தேன்!"

"சீரியஸாத்தான் சொல்றேம்மா. விசாரணையில என்னைக் காட்டிக்குடுக்காம அவ தலையில போட்டுக்கிட்டா. நான் வாயே திறக்கல."

"நூத்திரெண்டு வயசுன்னு சொன்னதும் நீங்கதான். தம்புரா எண்ணெய் குடிக்கும்னு சொன்னதும் நீங்கதான். நான் ஆபீஸ்ல அதைச் சொல்லி மானம் போச்சு."

"அது விளையாட்டு. இது நெசம்."

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே என்கிட்ட இந்த வீட்டுல பேய் இருக்குன்னாரு மேடம்" என்றாள் அமலோற்பவம்.

எனக்கு அழுகை வந்தது. வயதான கோமாளி அழுதால் அதுவும் ஒரு வித்தைதான் அவர்களுக்கு. மெர்லின் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் அக்கா பக்கம் குனிந்து, "அம்மா, இவரு சொல்றது நெசமா?" என்று கேட்டாள்.

அக்காவின் இடது கை மேலே வந்தது. உதடு அசைந்தது. மார்ச் மாதத்திலிருந்து ஒரு சொல் இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், சிவப்பு விளக்கு எரிந்த மாதிரி.

"பொய்" என்றாள் அக்கா.

தெளிவாக. அழுத்தமாக. அவள் குரல்தான்.

மெர்லின் கை தட்டினாள். "பாருங்க, அம்மாவே சொல்லிட்டாங்க. மாட்டிக்கிட்டீங்களா?" அமலோற்பவத்துக்குக் கண்ணில் தண்ணீர், அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று சந்தோஷம். ஆளுக்கு ஆள் சிரிக்கிறார்கள். நான் அக்காவையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதிகாரி அறையில் எப்படித் திரும்பாமல் நின்றாளோ, அதே மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

காய்ச்சல் 102.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

திரும்பவும் என்னைக் காப்பாற்றினாளா? இல்லை, அந்தச் சிரிப்பு அவளுடையது, அதிலும் எனக்குப் பங்கு கிடையாது என்றாளா? இரண்டில் எது என்று தெரிந்தால்கூடப் போதும்.

ஜூன் 21, சனி

கஞ்சி இல்லை. தண்ணீர், பஞ்சில் நனைத்து.

காதை ஆட்டினேன். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

காலை 6.40.

நோட்டில் வேறு எழுத ஒன்றும் இல்லை. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்திருந்தால் ஏழே கால் ஆகியிருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

பதின்மூன்றாம் நாள்.

காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி. தெருவே எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களும் பாயில் உட்கார்ந்தார்கள். அக்காவின் படத்துக்கு அமலோற்பவம் சாமந்தி மாலை போட்டிருந்தாள்.

பெட்டியில் முதலில் அக்காவின் பழைய போட்டோ. பின்னாலேயே பாட்டு. சேலத்தில் ஒரு நேயர் வானொலியிலிருந்து அந்தக் காலத்திலேயே டேப்பில் பிடித்து வைத்திருந்தாராம். மெர்லின் எப்படியோ தேடி எடுத்துவிட்டாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். அடியில் என் தம்புரா.

ஒரு கம்பி சுருதி இறங்கியிருந்தது. மயிரிழை அளவு. அக்கா அதைக் கவனித்து, தானும் அந்த மயிரிழை இறங்கிப் பாடியிருந்தாள். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரிந்தது. எத்தனை நாள் இப்படிச் செய்தாளோ. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

பிறகு நான் வந்தேன், வெள்ளைச் சட்டையில். "தொண்டை கெட்டுப்போச்சும்மா" என்றேன். பாயில் இருந்தவர்கள் ச்சு கொட்டினார்கள். பிறகு மாம்பழக் கலர் சேலையில் அக்கா. பிறகு பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எழுந்திருக்கப் போனேன்.

பெயர்களுக்குப் பின்னால் திரை முழுக்க என் முகம், அன்றைக்கு மெர்லின் போனில் பிடித்தது. சொன்ன வார்த்தையெல்லாம் எடுத்துவிட்டார்கள். சத்தமே இல்லை, ஒரு குறும்பு மியூசிக் மட்டும். என் இரண்டு காதும் ஆடுகின்றன. ஆடுகின்றன. ஆடிக்கொண்டே இருக்கின்றன.

கூடம் வெடித்துச் சிரித்தது. துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் என் தோளைத் தட்டி, "இந்த வித்தையெல்லாம் கைவசம் இருக்கா, ஏகாம்பரம்!" என்றார். அமலோற்பவமும் சிரித்தாள். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

அக்கா படத்துக்கு முன்னால், அத்தனை பேர், இரண்டு விநாடிக்கு மேலேயே சிரித்தார்கள். யாரையும் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.